பிற

நான் எண்ணுகிறவள். படிக்கிறவள் வேறொருத்தி,
மூன்றாம் மாடியில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை வருவதில்லை.
எனக்குக் கொடுத்த வேலை:
இந்திய மருத்துவத்தின் வரலாற்றைப் பற்றி
நூற்றிருபது ஆண்டுகளில் எத்தனை பேர் எழுதினார்கள்,
எந்த ஆண்டில் எத்தனை.
வ்ரோத்ஸ்வாஃப் நகரில் நவம்பர் என்றால்
நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
ஓடர் ஆற்றுப் பாலத்தில் டிராம் ஏறும்போது
என் மேசையில் குண்டூசி டப்பா நடுங்கும்.

தலைப்புகளைப் பார்த்தாலே போதும்,
யாருக்கு எப்போது எங்கே வலித்தது என்று தெரிந்துவிடும்.
முதலில் எல்லாம் ‘இந்து மருத்துவம்’.
எழுதியவர்கள் தாடி வைத்த ஜெர்மானிய டாக்டர்கள்,
அடிக்குறிப்பில் லத்தீன்.
அப்புறம் ‘பண்டைய’.
அப்புறம் ஒரு போர், ஒல்லியான ஆண்டுகள்.
எழுபதுகளில் ‘மரபு’ என்ற சொல் சளி மாதிரி தொற்றியது.
தொண்ணூறுகளில் மஞ்சள். யாருடைய மஞ்சள் என்று
கட்டுரைக்குக் கட்டுரை சாட்சிக் கூண்டில் ஏறியது.
‘உடல்’, ‘சந்தை’, ‘காலனியம்’:
ஏழெட்டு ஆண்டு கொடிபிடித்து
மாநாட்டுத் தேநீரோடு ஆறிப்போயின.
பெருந்தொற்று வந்த வசந்தத்திலோ
கோடு என் தாளை விட்டே வெளியேறியது.
வீட்டுக்குள் அடைபட்டவர்கள் அத்தனை பேரும்
திப்பிலியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.
மேலே இன்னொரு தாளை ஒட்டினேன்.

அறிக்கையை வடிவமைக்கும் போகுமில்
வழுவழுப்பான கோடு கேட்கிறான்.
“நிதி தருகிறவர்களுக்கு ஏறுமுகம்தான் பிடிக்கும், ஹால்ஷ்கா.”
ஐந்தாண்டுச் சராசரி எடுத்தால் பள்ளங்கள் தூர்ந்துவிடுமாம்.
தூர்ந்துவிடும்.
ஒன்றைத் தவிர.

1945: பூச்சியம்.
அந்த ஆண்டின் தொடக்கத்தில் இந்த ஊருக்கு
வேறு பெயர், வேறு மொழி.
நிலவறையில் ஈரம் குடித்த ஒரு கட்டுக்குள்
தட்டச்சில் பதினோரு தாள்கள்,
பித்தம் என்ற கருத்தைப் பற்றி. டாக்டர் ஓட்மார் கிரைஷ்.
பின்பக்கம் ரொட்டிப் பங்கீட்டுப் படிவம்.
பிப்ரவரி என்று தேதி;
நகரத்தைச் சுற்றி வளைத்தாகிவிட்டது.
வெளியே பீரங்கி. உள்ளே இந்த மனிதர்
பித்தத்துக்கு இருப்பிடம் ஐந்து என்று எழுதி
மூன்றை நிதானமாக விளக்கியிருக்கிறார்.
நான்காவது:
‘கண்ணில் இருக்கும் பித்தம், பார்ப்பதை’
அங்கே தாள் முடிகிறது.

அச்சேறவில்லை, ஆகவே கணக்கில் வராது.
விதி மூன்று. நானே எழுதியது.

விதி நான்கு இன்னும் மோசம்:
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தெல்லாம் ‘பிற’.
உருது, வங்காளம், அப்புறம் சுழிசுழியாய் ஒன்று.
அந்தப் புத்தகத்தை ஒரு வாரம் தலைகீழாக வைத்திருந்தேன்.
தரை துடைக்க வரும் ஒலேனா
அட்டையில் இருந்த செடியைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.
“வேர் கீழேதானே இருக்கும்?”

பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன,
சணல் கட்டு, பாச்சை உருண்டை வாசனை,
விலை அணாவில்.
நேற்றுத்தான் எண்ணி முடித்தேன்.
மற்றதையெல்லாம் கூட்டினாலும்
‘பிற’ அதைவிட உயரம்.
போக்கு, போக்கு என்று நாங்கள் சொல்லிவந்தது
எங்கள் அலமாரியின் அகலத்தை.

போகுமிலிடம் சொன்னேன்.
வண்ணங்கள் தீர்ந்துவிட்டன, சாம்பல்தான் மிச்சம் என்றான்.
சரி, சாம்பல்.

அனுப்புவதற்கு முன்
45-க்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
ஸ்கேனரில் தெரியாது,
தெரிந்தாலும் தூசு என்பான்.

வீடு திரும்பும் வழியில் நெஞ்செரிந்தது,
உணவுக்கூடத்து முட்டைக்கோஸ் சூப்.
டிராம் கண்ணாடியில் என் கண்கள்
தெருவிளக்குகளைத் தாண்டித் தாண்டி வந்தன.
நான்காவது இதுதான்.
ஐந்தாவது எங்கே இருக்கும்?
திங்கட்கிழமை மூன்றாம் மாடிக்குப் போய்
படிக்கிறவளைக் கேட்க வேண்டும்.